நல்ல நேரத்தில் வாங்கிய வாட்ச்

பணம் கட்டுவதற்கு மணிவேல் சித்தப்பா ராகு காலம் முடியும் வரை காத்திருந்தார். சனிக்கிழமை காலை பத்தரை மணி தாண்டிய பிறகுதான் போனில் விரலை வைத்தார். ஆனால், வாட்ச் விற்பவன் யார் என்று பார்க்க ஒரு நிமிடம்கூட அவர் காத்திருக்கவில்லை.

ஓவியாவுக்கு இதுதான் தாங்கவில்லை.

ஓவியா ஆறாம் வகுப்பு. அவள் அக்கா தேவிப்ரியாவுக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மேடையில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் ஒரு வாட்ச் கட்ட வேண்டும். "வாட்ச் என் செலவு" என்று சித்தப்பா முந்திக்கொண்டார். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். அடி அண்ணாமலை ஊரில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. அவருக்குத் தெரியாத விஷயமும் கிடையாது. இதை அவரே சொல்வார்.

"வெல்க்ரான் கம்பெனி வாட்ச்! கடையில பதினாறாயிரம். நமக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம்!" என்று போனைத் தூக்கிக் காட்டினார்.

"ஏன் சித்தப்பா இவ்ளோ கம்மியா குடுக்கிறான்?"

"கடை வாடகை இல்ல, கரண்ட் பில் இல்ல. அதான் கம்மி."

"விக்கிறவன் பேரு ராயல் டைம் ஹப்புன்னு போட்டிருக்கு. வெல்க்ரான் கம்பெனி பேரையே காணோமே?"

"வாட்ச் மேல இருக்குமே, பத்தாதா?"

"செவன் ஏ குவாலிட்டின்னு போட்டிருக்கே. அப்படின்னா இன்னா?"

"நீ எந்த கிளாஸ்?"

"சிக்ஸ் பி."

"பாத்தியா? செவன் ஏ உனக்கும் மேல!"

வீடே சிரித்தது. ஓவியா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பார்சல் வந்தது. ஓவியா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் அம்மா கஸ்தூரி பெட்டியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டார். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. பெட்டி நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"அம்மா, பிரிச்சுப் பாக்கணும்மா!"

"தொடாத! சாமிகிட்ட வெச்சாச்சு. இனிமே மாப்பிள்ளைதான் பிரிக்கணும்."

"உள்ள வாட்ச் இருக்கா, கல்லு இருக்கான்னே தெரியாதே?"

"கல்யாணக் காரியத்துல ஒண்ணு கிடக்க ஒண்ணு பேசாத. போ, போய்ப் படி."

ஓவியா சித்தப்பாவின் போனை வாங்கி, வாட்ச் வாங்கிய பக்கத்தைத் திறந்தாள். கீழே பொடி எழுத்தில் ஒன்று இருந்தது. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருக்க வேண்டும். பொருள் சரியில்லை என்றால் இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

வியாழன் ஆறு மணி. வெள்ளி ஆறு மணி. சனி ஆறு மணி. அவ்வளவுதான்.

இவர்களோ ஞாயிற்றுக்கிழமை மேடையில்தான் பிரிப்பார்களாம்!

"சித்தப்பா, இதைப் படிங்க."

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. விடு. அதெல்லாம் சும்மா போட்டிருப்பான்."

மறுநாள் பள்ளி விட்டதும் சித்தப்பா ஓவியாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். தேரடி வீதியில் நிறுத்தி, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். எதிரில் ஒரு வாட்ச் கடை. கண்ணாடிக்குப் பின்னால் அதே வெல்க்ரான் வாட்ச். கறுப்பு முகம், ஸ்டீல் செயின், பெரிய வட்டத்துக்குள் மூன்று குட்டி வட்டங்கள்.

ஓவியா கடைக்குள் போனாள். கவிநிலா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அக்கா, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"வாங்கப் போறியா?"

"இல்லக்கா. பாக்கத்தான்."

"உண்மையாவது சொல்றியே" என்று சலித்துக்கொண்டே கவிநிலா வாட்ச்சை வெளியே எடுத்தாள்.

"இந்தக் குட்டி வட்டமெல்லாம் எதுக்குக்கா?"

கவிநிலா பக்கத்திலிருந்த பொத்தானை அமுக்கினாள். குட்டி வட்டத்துக்குள் இருந்த முள் டக் டக்கென்று ஓடத் தொடங்கியது. "ஓட்டப் பந்தயத்துல நேரம் பாப்பாங்க இல்ல? அது மாதிரி."

ஓவியா போனில் ராயல் டைம் ஹப் பக்கத்தைத் திறந்தாள். வாங்கியவர்கள் போட்ட படங்கள் ஐந்து இருந்தன. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள். ஒரு வாட்ச்சில் மணி பத்தேகால். இன்னொன்றில் நாலு. அடுத்ததில் ஒன்பதரை. பெரிய முட்கள் எல்லாம் வேறு வேறு இடத்தில். ஆனால் குட்டி முட்கள் மட்டும் ஐந்து படத்திலும், பாதி ஓட்டத்தில் நின்றதுபோல், ஒரே இடத்தில் இம்மியும் பிசகாமல் நின்றன.

"அக்கா, இந்த முள்ளெல்லாம் ஏன் ஒரே மாதிரி நிக்குது?"

கவிநிலா குனிந்து பார்த்தாள். "அட, நல்லாத்தான் பாத்திருக்க! அது முள்ளே இல்ல. அச்சடிச்ச படம்."

"செவன் ஏ குவாலிட்டின்னா?"

"டூப்ளிகேட்டுக்கு அவங்களே வெச்சுக்கிட்ட பேரு. இந்த வாரத்துல நீ மூணாவது ஆளு. மத்த ரெண்டு பேரும் வாங்கி ஒரு மாசம் கழிச்சுதான் வந்தாங்க."

ஓவியா ஓடிப்போய் சித்தப்பாவிடம் ஐந்து படங்களையும் காட்டினாள். "பாருங்க. குட்டி முள்ளு ஓடவே இல்ல!"

சித்தப்பா டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். "போட்டோல முள்ளு எப்படிம்மா ஓடும்?"

ஓவியாவுக்கு ஆட்டோ கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா சீர்த்தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "பதினேழு... பேசாத, எண்ணிக்க விட்டுப்போகுது." அப்பா தசரதனிடம் சொன்னாள். அவர் பந்தல்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். சாமி படத்துக்கு முன்னால் பெட்டி மஞ்சளும் குங்குமமுமாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இந்த வீட்டிலேயே அதற்குத்தான் எல்லா மரியாதையும்.

'இனிமே மாப்பிள்ளைதான் பிரிக்கணும்.'

ஓவியா சட்டென்று எழுந்தாள். சரி. மாப்பிள்ளைதான் பிரிக்க வேண்டும். அப்படியென்றால் மாப்பிள்ளை வரட்டுமே!

தேவிப்ரியா மொட்டை மாடியில் கிசுகிசுவென்று போன் பேசிக்கொண்டிருந்தாள். ஓவியா போய்க் கையை நீட்டினாள்.

"அக்கா, குடு. மாமாகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

"உனக்கு இன்னாடி பேச்சு அவர்கிட்ட?"

"குடுக்கறியா, இல்ல நீ எவ்ளோ நேரம் பேசுறன்னு அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

போன் கைக்கு வந்தது.

"மாமா, நான் ஓவியா. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வரணும்."

மாப்பிள்ளை விமல்ராஜ் செங்கத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவர். அமைதியான ஆள். "நிச்சயத்துக்கு முதல் நாளா? எதுக்கும்மா?"

"உங்க வாட்ச் ஸ்டீல் செயின். அளவு பாக்கணும். லூசா இருந்தா மேடையில வளையல் மாதிரி தொங்கும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரி, வர்றேன்."

இதை அம்மாவிடம் சொன்னபோது அவரால் மறுக்க முடியவில்லை. மாப்பிள்ளையே வந்து பிரிக்கிறார். இதில் என்ன குறை?

சனிக்கிழமை விமல்ராஜ் வந்தார். அம்மா கேசரி கிண்டியிருந்தார். சித்தப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இருங்க, நான் வீடியோ எடுக்கறேன்" என்று ஓவியா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"எடு, எடு! ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்றார் சித்தப்பா.

விமல்ராஜ் பெட்டியைப் பிரித்தார். வாட்ச் பளபளவென்று இருந்தது. கையில் கட்டினார். செயின் உண்மையிலேயே லூசு.

"மாமா, பக்கத்துல பொத்தான் இருக்கு பாருங்க. அமுக்குங்க."

விமல்ராஜ் அமுக்கினார். பொத்தான் அசையவே இல்லை. இன்னொரு முறை அழுத்தினார். அது கழன்று கேசரித் தட்டில் விழுந்தது.



"புதுசு இல்ல... பழகப் பழகச் சரியாயிடும்" என்றார் சித்தப்பா.

விமல்ராஜ் வாட்ச்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மாமா, இந்தச் சின்ன முள்ளெல்லாம் வரைஞ்சிருக்கு." பிறகு கேசரியிலிருந்து பொத்தானை எடுத்துத் துடைத்தார். "போன வருஷம் நானும் ஆன்லைன்ல பாதி விலைக்கு ஒரு ஷூ வாங்கினேன். முதல் மழையிலேயே அடிப்பாகம் தனியா வந்துடுச்சு. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஒத்தக் காலு வெறுங்காலா நடந்தேன். யாருகிட்டயும் சொல்லல. இப்பதான் சொல்றேன்."

அம்மா சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஓவியா உட்கார்ந்து வேலையை முடித்தாள். வீடியோவை ஏற்றினாள். 'போலிப் பொருள்' என்ற இடத்தைத் தொட்டாள். பார்சலைத் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள், பணம் பத்து நாளில் வரும் என்று பதில் வந்தது. பணம் கைக்கு வந்தால்தான் உண்டு. ஆனாலும் கெடு முடிய இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

சித்தப்பா ஆட்டோவின் பின்சீட்டில், சவாரி வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஓவியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சக்கரபாணிகிட்ட பதினாறாயிரம்னு சொல்லிட்டேன் ஓவியா."

சக்கரபாணி, மாப்பிள்ளையின் பெரியப்பா. எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி எந்த வருடம் வாங்கியது என்று கேட்டவர்.

"அவர் மேடையிலேயே வாங்கிப் பாப்பாரு. மானம் போயிடும்." சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "இப்படிச் செய்யலாமா? அந்தப் பொத்தானைப் பசை போட்டு ஒட்டி, ஒரே ஒரு நாள் கட்டிட்டு, அப்புறமா திருப்பி அனுப்பிட்டா?"

ஓவியா அவரை முறைத்தாள். "கட்டிட்டா அவன் எடுக்க மாட்டான். அதுவுமில்லாம அக்காவும் மாமாவும் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே மேடையில நடிக்கணும். முதல் நாளே நடிக்கணுமா சித்தப்பா?"

சித்தப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"கையில எவ்ளோ இருக்கு?" என்று கேட்டாள் ஓவியா.

"ரெண்டாயிரத்து அறுநூறு."

"போதும். வண்டிய எடுங்க."

கவிநிலா ஓவியாவைப் பார்த்ததும், "இன்னிக்கும் பாக்கத்தானா?" என்றாள்.

"இல்லக்கா. இன்னிக்கு வாங்கத்தான்."

வெள்ளை முகம், பழுப்புத் தோல் வார், இரண்டே முட்கள். ஒரு பகட்டும் இல்லை. விலை இரண்டாயிரத்து நானூறு. வாட்ச்சின் பின்னால் இருந்த எண்ணும் உத்தரவாத அட்டையில் இருந்த எண்ணும் ஒன்றா என்று ஓவியா பார்த்தாள். கடையின் முத்திரை குத்தச் சொன்னாள். பில் கேட்டாள். கவிநிலா சித்தப்பாவிடம், "இந்தப் பொண்ண எங்க கடையில விட்டுட்டுப் போங்க" என்றாள்.

"முடியாதும்மா. வீட்டுக்கு வேணும்" என்றார் சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. சித்தப்பா மேடையேறி மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டினார். வார் கச்சிதமாகப் பொருந்தியது. அவர் கீழே இறங்குவதற்குள் சக்கரபாணி முன்னால் வந்து நின்றார்.

"என்ன மணிவேல், வெல்க்ரான்னு சொன்னீங்க? பதினாறாயிரம்னு சொன்னீங்க?"

அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்தார். என்ன சொல்வாரோ என்று ஓவியா சித்தப்பாவின் வாயையே பார்த்தாள். எதையாவது அளந்துவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அது டூப்ளிகேட் சம்பந்தி. ஆன்லைன்ல வாங்கி ஏமாந்துட்டேன். இது ரெண்டாயிரத்து நானூறு. தேரடி வீதிக் கடையில வாங்கினது. பில் இருக்கு, பாக்கறீங்களா?"

சக்கரபாணி தன் மணிக்கட்டில் மின்னிய தங்க நிற வாட்ச்சை ஒரு தடவை பார்த்தார். சட்டைக் கையை மெல்லக் கீழே இழுத்து அதை மறைத்தார்.

"பில்லெல்லாம் எதுக்குங்க? அந்தக் கடை எங்க இருக்குன்னு மட்டும் அப்புறம் சொல்லுங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

மேடையில் விமல்ராஜ் அக்காவிடம் ஏதோ சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். யாரும் யாருக்காகவும் நடிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். முதல் பந்தி பெரியவர்களுக்கு, பிள்ளைகள் காத்திருக்க வேண்டும் என்று வாசலிலேயே ஒருவர் நின்று தடுத்துக்கொண்டிருந்தார். ஓவியா சுவரோரமாக ஒதுங்கினாள்.

"ஓவியா!" உள்ளேயிருந்து சித்தப்பாவின் குரல் கணீரென்று கேட்டது. முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார். "அங்க இன்னா நின்னுட்டிருக்க? சீக்கிரம் வா, வடை சூடா இருக்கு!"