உள்ளே இருப்போர்

வழக்கமாக அவர் இரண்டு எழுத்துகளைத் தட்டினால் போதும். மீதி வரியை எடுபிடி சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டும், அவர் டேப் விசையை அழுத்துவார், சாம்பல் கறுப்பாகும், வரி அவருடையதாகிவிடும். அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில் அவர் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. நான்கு எழுத்துகளைத் தட்டினார். பிறகு ஒரு முழு வரியையே தட்டினார். வெள்ளைத் திரையில் கர்சர் மட்டும் தனியே துடித்துக்கொண்டிருந்தது.

எடுபிடி என்பது அவர் வைத்த பெயர். நிரல் எழுதும் எடிட்டரின் ஓரத்தில் குடியிருந்து, அடுத்து என்ன எழுதலாம் என்று சொல்லித்தரும் அந்தச் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கு நிறுவனம் கௌரவமான வேறொரு பெயரைச் சூட்டியிருந்தது. தலைமை நிரலாளராகிய அவர் அதை ஒரு நாளும் உச்சரித்ததில்லை. பிறருக்குப் பட்டப்பெயர் சூட்டுவது அவருக்குக் கைவந்த கலை. எடுபிடி இல்லாமல் தம்மால் மூன்று ஆண்டுகளாக உருப்படியாக ஒரு வரிகூட எழுத முடிந்ததில்லை என்பதை மட்டும் அவர் எவரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அன்றைக்கு அது கட்டாயம் வேண்டியிருந்தது. குளிர்பதன அறைகளின் கதவுகளுக்கு மின்பூட்டு செய்து விற்கும் நிறுவனம் அது. அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பூட்டு எண்ணிக்கொண்டே இருக்கும். உள்ளே எவருமில்லை என்றால், குளிர் வீணாகாதிருக்கக் கதவை இறுகப் பூட்டி, உள்பக்கக் கைப்பிடியையும் செயலிழக்கச் செய்துவிடும். அந்த வரியை எழுதியவர் அவர்தாம். இரண்டு வாரங்களுக்கு முன்பு, கீழ்த்தளத்துச் சோதனை அறையில் ஒருவர் இருந்தபோதே, எவருமில்லை என்று பூட்டு முடிவுசெய்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை பூட்டிய கதவைத் திங்கள்கிழமை காலையில்தான் திறந்தார்கள்.

அந்த ஒருவர் ஒரு சோதனையாளர். நடுத்தர வயதுப் பெண்மணி. நிரலின் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் இரண்டு சாய்கோடுகளைப் போட்டு, தாம் கண்ட குறையை நீளமாக எழுதி, "தயவுசெய்து கவனிக்கவும்" என்று முடிப்பது அவர் வழக்கம். ஆகவே அவருக்குக் 'குறிப்பம்மா' என்று பெயர் வந்தது. அதையும் வைத்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கைப்பிடி திறப்பதில்லை என்று குறிப்பம்மா இருபத்து மூன்று முறை புகார் எழுதினார். நான்காவது புகாரிலேயே தலைமை நிரலாளருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. சோதனை அறைக் கணினியிலிருந்து எந்தப் புகார் வந்தாலும், "பயனர் தவறு. புகார் முடிக்கப்பட்டது" என்று தானாகவே பதில் போகும்படி அவர் ஓர் ஏற்பாடு செய்துவைத்தார். குறிப்புகள் அனைத்தையும் சோதனை அறைக் கணினியிலேயே உட்கார்ந்து, ஒன்றையும் படிக்காமல் அழித்தார். கடைசியில் அந்தப் பெண்மணி, கண்ணால் கண்டால்தான் நம்புவார்கள் என்று எண்ணிக் கைப்பேசியில் படம்பிடிக்க உள்ளே போனார்.

திங்கள்கிழமை ஆய்வாளர்கள் வருகிறார்கள். நிரலை வரிவரியாகப் படிக்கப்போகிறார்கள். அதற்குள் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி, அது என்றைக்குமே சரியாகத்தான் இருந்தது என்பது போலச் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் வேலை மட்டுமா போகும்? சிறைவாசல்வரை போக வேண்டியிருக்கும்.

அவர் உதவி மையத்தைக் கைப்பேசியில் அழைத்தார். சனிக்கிழமைப் பணிமுறையில் இருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. அவர் போட்ட பிச்சையில் அந்த நாற்காலி கிடைத்தது என்பதை இருவரும் மறப்பதற்கு அவர் இடம் கொடுத்ததில்லை.

"சொல்லுங்க அத்தான்."

"எடுபிடி வேலை செய்யல. என்னன்னு பாரு."

"ஒரு தடவை லாக்அவுட் பண்ணிட்டு மறுபடி உள்ள வந்து பாத்தீங்களா?"

"ஏன்டா, இதைச் சொல்றதுக்குத்தான் உன்னை ஏசி ரூம்ல உக்கார வச்சிருக்காங்களா?"

"வரிசைப்படிதானே அத்தான் கேக்கணும். அந்த வரிசையை எழுதிக் குடுத்ததே நீங்கதான்."

வெளியே வந்தார், உள்ளே போனார். எடுபிடியின் எக்ஸ்டென்ஷனை நீக்கினார், மீண்டும் நிறுவினார். இணையம் ஓடிக்கொண்டிருந்தது. எடிட்டரின் அடியில் எடுபிடியின் சின்னம் பச்சையாகவே இருந்தது. ஒவ்வொரு படியையும் மைத்துனன் தயங்கித் தயங்கிச் சொல்ல, அவர் அவனுடைய மூளையைப் பற்றியும், அவனைப் படிக்கவைத்தவர்களைப் பற்றியும் ஒவ்வொரு கருத்தைச் சொல்லிக்கொண்டே செய்துவந்தார். ஆள் இல்லாத இருபத்தேழு மேசைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

"அத்தான்," என்றான் அவன், சற்று நேரம் கழித்து. "இங்க பாத்தா உங்க எடுபிடி நல்லாத்தான் வேலை செய்யுது."

"என்ன உளர்ற?"

"ஒரு வரி வருது, நீங்க ஏத்துக்கறீங்க. அடுத்த வரி வருது, ஏத்துக்கறீங்க. நாலு செகண்டுக்கு ஒண்ணு. இப்பக்கூட டேப்பைத் தட்டிட்டுத்தானே இருக்கீங்க?"

அவர் தம் கைகளைப் பார்த்தார். ஒன்றில் கைப்பேசி. மற்றொன்று மடியில்.

"இருங்க... உங்க கணக்கு ரெண்டு இடத்துல திறந்திருக்கு. ரெண்டு இடத்துல இருந்தா ஒரு இடத்துக்குத்தான் வரி போகும். ஒண்ணு உங்க மேசை. இன்னொண்ணு," அவன் குரல் இறங்கியது, "சோதனை அறை மடிக்கணினி."

"அங்க கரண்டே இல்லடா. மெயினைப் பிடுங்கி ரெண்டு வாரமாச்சு. பூட்டுல இருக்கிற பேட்டரி ஒண்ணுதான் மிச்சம்."

"திரையில வர்றதைச் சொல்றேன் அத்தான். அங்க யாரோ..."

"யாரோன்னா? உன்னை லைட் போட்டுத்தான் தூங்க வைப்பேன்னு உங்க அக்கா சொல்லுவா. இன்னும் அந்தப் பழக்கம் போகலையா?"

அவன் சிரிக்கவில்லை. "வேணும்னா இங்கேருந்தே மூடிடறேன். ஆனா யார், எப்போ, எதுக்குன்னு மேலாளருக்கு ஒரு மெயில் தானாப் போயிடும்."

"வேண்டாம்," என்றார் அவர், சிறிது அவசரமாகவே. "நானே இறங்கிப் போய் மூடிக்கறேன்."

"தனியாப் போகாதீங்க அத்தான்."

"உன்னைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனா, உனக்கு ஒரு துணை தேடணும்."

"இல்ல அத்தான்... அந்தக்கா ரொம்ப நல்லவங்க. புகார் போடும்போதுகூட 'சிரமத்துக்கு மன்னிக்கணும் தம்பி'ன்னு எழுதுவாங்க. நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள அதுவா மூடிக்கும்."

அவர் அழைப்பைத் துண்டித்தார். எழுந்து நிற்கையில் திரையில் ஏதோ அசைந்தது. அவர் தட்டாத இரண்டு சாய்கோடுகள். அவற்றை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

// வருகைக்கு நன்றி. தயவுசெய்து கவனிக்கவும்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். மறுகணமே அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயல்கள்! பிணத்துக்கு அழுத கையோடு, தம்மை மிரட்ட ஒரு கூத்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கணக்கைத் திருடிக்கொண்டு எவனோ கீழே உட்கார்ந்திருக்கிறான். தட்டெழுதத் தெரியாத கூட்டத்துக்கு இதற்கு மட்டும் திறமை இருக்கிறது. திங்கள்கிழமை கழியட்டும், ஒவ்வொருவனாகக் கவனித்துக்கொள்ளலாம்.

கீழ்த்தள நடைவழியில் சன்னல் இல்லை. அவர் நடக்க நடக்க, உணர்விகள் பொருத்திய விளக்குகள் தலைக்கு மேல் ஒவ்வொன்றாக எரிந்து, பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. சுவரோரக் குழாய்களில் தேங்கிய நீரின் துருவாடையும், கதவு விளிம்பு ரப்பரின் புளித்த வாடையும், அவற்றுக்கு அடியில், எங்கோ அடிக்கடி கழுவிய கைகளில் வருமே அந்தச் சோப்பின் மெல்லிய மணமும் கலந்து வந்தன. அவருடைய காலணி ஓசை சுவரில் மோதித் திரும்பும்போது ஒரு நொடி பிந்தியே திரும்பியது. நடைவழியின் கோடியில் சோதனை அறை. குறுக்கே கட்டியிருந்த நாடாவை அவர் அவிழ்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

டக்.

நான்கு நொடி.

டக்.

"யார்ரா உள்ள? மரியாதையா வெளிய வந்துடு!"

டக். கனத்த கதவு வில்லின் விசையால் தானே மூடிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அவர் என்ன, அந்த அம்மாளைப் போல அறிவில்லாதவரா? நடைவழியில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துவந்து, கதவை அகலத் திறந்து, அதற்கு முட்டுக் கொடுத்தார். வெகு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று தமக்குள் மெச்சிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

ஆறு தப்படி நீளமுள்ள அறை. எவரும் இல்லை. குளிரும் இல்லை, மூடிக்கிடந்த அறையின் வெதுவெதுப்புத்தான். கோடியில், இரும்புத் தட்டின் மேல் மடிக்கணினி ஒளிர்ந்தது. அதன் மின்கம்பி எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

திரையில் அவர் அழித்த குறிப்புகள் இருந்தன. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் சாம்பலாகத் தோன்றும். டேப் விசை தானே அமிழும். டக். கறுப்பாகும். அவர் அவற்றை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார். எதிலும் ஒரு கடுஞ்சொல் இல்லை. "மீண்டும் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்." "என் புரிதல் தவறாக இருக்கலாம்." "நேரம் கிடைக்கும்போது." பதினெட்டு. பத்தொன்பது. இருபத்து மூன்றாவது குறிப்பு வந்தது.

// கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு நுழைந்தால் எண்ணிக்கை கூடுவதில்லை. பிறகு கதவு மூடிக்கொண்டால், உள்ளே எவருமில்லை என்று பூட்டு நம்பிவிடுகிறது. தயவுசெய்து கவனிக்கவும்.

இரண்டு வாரமாக அவர் தேடிய பிழை. ஒரே வரியில்.

பின்னால் கிறீச்சென்று ஓர் ஒலி. அவர் திரும்பினார். அது சக்கரம் வைத்த நாற்காலி. அலுவலகத்தில் எல்லா நாற்காலிகளுக்கும் சக்கரம் உண்டு. கதவு அதை மெதுவாக, ஒரு விருந்தாளியை வழியனுப்புவது போல, நடைவழிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஓடினார். விரல் நுனி பட்டது. கதவு மூடிக்கொண்டது.

நிலைக்கு மேல் சிவப்பு எண். உள்ளே இருப்போர்: 0.

கைப்பிடி திரும்பவில்லை. தோளால் மோதினார். கத்தினார். கைப்பேசியில் சிக்னல் இல்லை, சுவரெல்லாம் உலோகம். மடிக்கணினியிடம் ஓடினார். புகார்ப் படிவம். எழுதினார்: மச்சான் நான்தான் உள்ளே மாட்டிக்கொண்டேன் உடனே வா.

பதில் உடனே வந்தது.

பயனர் தவறு. புகார் முடிக்கப்பட்டது.

மீண்டும் எழுதினார். முடிக்கப்பட்டது. மீண்டும். முடிக்கப்பட்டது.

நிரல். ஆம், நிரல். அவர் தலைமை நிரலாளர் அல்லவா? பூட்டும் வரியை மாற்றி எழுதினால் கதவு திறந்துவிடும். ஒரே ஒரு வரி. வரியைக் கண்டுபிடித்தார். அழித்தார். கர்சர் துடித்தது. இரண்டு எழுத்துகளைத் தட்டினார்.

காத்திருந்தார்.

அடுத்து என்ன எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

சாம்பல் எழுத்துகள் வந்தன.

// தயவுசெய்து சற்று ஒதுங்கி நிற்கவும்.

டக்.

சோப்பு மணம். தோளருகே. ஏதோ ஒன்று அவரை இடிக்காமல், மிகுந்த நாகரிகத்தோடு, கடந்துபோயிற்று. அது போன வழியில் காற்று விறைத்தது. அவருடைய கால்கள் அசைய மறுத்தன.

சிவப்பு எண் மாறியது. 0. பிறகு, 1.

ஒருவர் உள்ளே இருந்தால் கைப்பிடி திறக்கும். அவர் எழுதிய விதி. கைப்பிடி திரும்பியது. கதவு ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தது. நடைவழி விளக்கு ஒன்று எரிந்தது. அடுத்தது எரிந்தது. அதற்கடுத்தது. யாரோ அவசரமில்லாமல் நடந்துபோகும் வேகத்தில்.

கால்களுக்கு உயிர் வந்தபோது அவர் பாய்ந்தார். கதவின் ரப்பர் விளிம்பு அவர் முகத்துக்கு நேரே நிலையோடு ஒட்டிக்கொண்டது.

1. பிறகு, 0.

மின்சாரம் இல்லாத அறையில், கூரைக்குள் எங்கோ குளிர்பதன இயந்திரம் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவர் சுவரைப் பற்றிக்கொண்டு மடிக்கணினியிடம் திரும்பிவந்தார். அவருடைய மூச்சு புகையாக வந்து திரையில் படிந்தது. புறங்கையால் துடைத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு வரி காத்திருந்தது.

// உள்ளே எவருமில்லை.

படிப்பதற்கு முன்பே, மூன்று ஆண்டுப் பழக்கத்தில், அவருடைய விரல் டேப் விசையை அழுத்திவிட்டது. சாம்பல் கறுப்பானது.