குடுக்கக் குடுக்கக் கொறையும்

பிள்ளை பாலுக்கு அழவில்லை.

கெலிஓயாச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே றமீஸாவுக்கு நெஞ்சு இரண்டும் பால் கட்டிக் கல்லாகிப்போயிருந்தன. பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு கிழமைதான் ஆகிறது. மழைத் தூறலில் ஓட்டமும் நடையுமாக ஒழுங்கைக்குள் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போது, வழக்கமாகக் கேட்கும் அந்த வீறிட்ட அழுகைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள். பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது; கூரைப் பீலியில் நீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிள்ளையின் சத்தம் மட்டும் இல்லை.

மஹ்மூத் தொட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தான். தூக்கி மடியில் போட்டு நெஞ்சருகே கொண்டுபோனதும் முகத்தை மறுபக்கம் திருப்பினான். மறுபடி கொண்டுபோனாள். மறுபடி திருப்பினான். வயிறு முட்டிய பிள்ளையின் முகம் தாய்க்குத் தெரியாதா? கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் அவளுக்கு மூத்தவள், ரபீகா ராத்தா. போத்தல்பால் கொடுத்தீர்களா என்று றமீஸா கேட்டதும் ரபீகாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பகல் கொடுத்த பாலையே பாதியில் துப்பிவிட்டான் என்றாள்.

"அல்லாஹ்வாண, அதுக்குப் பொறகு நான் ஒண்டும் குடுக்கல்ல. வேணுமெண்டா போத்தலப் பாரு."

போத்தல் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. றமீஸா குனிந்து பிள்ளையின் வாயை முகர்ந்தாள். பால் வாசம்தான். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. சூடேறிய பழைய வானொலிப் பெட்டியைப் பின்பக்கம் திறந்தால் வருமே, எரிந்ததும் இனித்ததுமாக ஒரு நெடி, அது.

அந்த நெடி அவளுக்குப் புதிதல்ல. அதோடுதான் அவளுக்குப் பிழைப்பே.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாய்ப்பாலில் கலந்திருக்கும் நஞ்சைத் தேடுவது அவளுடைய வேலை. மின்கம்பங்களில் தொங்கும் பழைய ட்ரான்ஸ்போமர்களின் எண்ணெயில் பீ.ஸீ.பி. என்றொரு நஞ்சு உண்டு. வெல்டிங் கடைக்காரர்கள் அந்த எண்ணெயை வாங்கித் தங்கள் பெட்டிகளில் ஊற்றிக்கொள்வார்கள். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், மூட்டுவலிக்குத் தடவ. றமீஸா பால் மாதிரி வாங்கப் போகும் மஹய்யாவைக் குடியிருப்பில் அதற்குக் 'கரண்டு எண்ணெய்' என்று பெயர். கரண்டு ஓடிய எண்ணெய் நரம்புக்குள்ளும் ஓடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. முழங்காலுக்குத் தடவினார்கள், சுளுக்குக்குத் தடவினார்கள், பிள்ளை பெற்றவளின் இடுப்புக்கும் அடிவயிற்றுக்கும் சுடவைத்துத் தேய்த்தார்கள். தோலுக்குள் போன நஞ்சு கொழுப்பில் குடியேறிவிடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. ஒரேயொரு வழிதான் உண்டு, பால். தாய் கொடுக்கக் கொடுக்கத் தாயின் உடம்பு சுத்தமாகும். பிள்ளையின் உடம்பு வாங்கிக்கொள்ளும். தலைப்பிள்ளைக்குத்தான் பெரும்பங்கு.

ஆய்வுகூடத்து வாசம் தன் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று றமீஸா மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் மறுநாளும் பிள்ளை அழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒவ்வொரு மாலையும் நெஞ்சில் ஊறிய பாலைக் குளியலறையில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, அவள் சத்தமில்லாமல் அழுதாள். ரபீகா பிள்ளையின் வாயைத் துடைத்த லேஞ்சித் துணிகளைத் துவைக்க விடாமல் றமீஸா எடுத்துவைத்தாள். அவற்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாள்.

லேஞ்சியில் காய்ந்திருந்த பாலிலிருந்து கொழுப்பைப் பிரித்து, ஒரு துளியை இயந்திரத்துக்குள் செலுத்தினாள். அது தாளில் மலைமலையாகக் கோடு கீறத் தொடங்கியது. நஞ்சு படாத பிள்ளையின் வாயில் மலைகள் இருக்கக்கூடாது. கண்ணாடிக் குழாய்களைத் திரும்பவும் கழுவி, வெறும் திரவத்தைச் செலுத்திப் பார்த்தாள். கோடு தட்டையாகப் போயிற்று. தன்னுடைய பாலைச் செலுத்தினாள். அதுவும் கிட்டத்தட்டத் தட்டைதான். லேஞ்சியைச் செலுத்தினாள். மலைகள் எழுந்தன. கடைசியில் இரட்டை முகடு, பக்கத்தில் வெட்டிவிட்ட மரம் மாதிரி ஒரு குட்டை முகடு.

நடையைப் பார்த்தே ஆளைச் சொல்வதுபோல, அந்த முகடுகளைப் பார்த்தே அவளால் பெயரைச் சொல்ல முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட தாய்மாரில் அப்படியொரு கோடு ஒருத்திக்குத்தான் இருந்தது. மஹய்யாவை வீரம்மாவுக்கு.

மூன்று நாள் லேஞ்சிகளிலும் அவளேதான். ஆனால் இரண்டாவதில் மலைகள் முதலாவதைவிடத் தாழ்ந்திருந்தன. மூன்றாவதில் இன்னும் தாழ்ந்திருந்தன.

வீரம்மா தலைப்பிள்ளைக்காரி. புருஷன் செல்லச்சாமி வெல்டிங் கடையில் வேலை. முதல்முறை பால் வாங்கப் போனபோது, அவள் வீட்டுச் சுவர்த்தட்டில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணெய்ப் போத்தலை றமீஸா தன் கண்ணாலேயே பார்த்தாள். அதிலும் ஒரு சிறு குப்பி வாங்கிக்கொண்டாள். தடவாதே என்று சொல்லவில்லை. ஆய்வு முடியுமுன் சனங்களைப் பயங்காட்ட வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். எண்ணெயை நிறுத்தினால் கோடு கெட்டுப்போகும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, படித்தவர்கள் அதைக் குறிப்பெழுதிக்கொண்டே செய்வார்கள்.

கடைசியாகப் போனபோது றமீஸாவுக்கு நிறைமாதம். கால் வீங்கி, மூச்சு வாங்கி, எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றிருந்தது. வீரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, தன் பாலில் ஏதோ கெட்டது இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்களே, அது குறைந்திருக்கிறதா என்று கேட்டாள். குறைந்துதான் இருந்தது. நல்ல அழகாகக் குறைந்திருந்தது.

"கொறஞ்சிருக்கு. குடுக்கக் குடுக்கக் கொறையும்" என்று சொல்லிவிட்டு றமீஸா படியிறங்கினாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆக, தான் வேலைக்குப் போனபிறகு வீரம்மாதான் வீட்டுக்கு வந்து போகிறாள். ரபீகா தொழுகைக்கு ஒதுங்கும் நேரம் பார்த்துப் பின்கதவால் நுழைகிறாள். புத்தி பேதலித்திருக்க வேண்டும். அப்படி எண்ணியதும் றமீஸாவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. வருகிறவள் மனுஷிதானே. மறுநாள் பகலே மஹய்யாவைக்குப் போனாள்.

வீரம்மா வீட்டு வாசலில் செல்லச்சாமி மட்டும் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்த்திருந்தான். எழுந்து, உள்ளேயிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, "வாங்க மிஸ்" என்றான். உள்ளே சுவரில் வீரம்மாவின் படம் மாலையோடு தொங்கியது.

அவன் நிதானமாகவே சொன்னான். நாலாம் மாசம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; என்னவென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை போய் ரெண்டு கிழமையில் அவளும் போய்விட்டாள். முப்பதாம் நாள் கும்பிட்டது போன மாதம்.

"ஒங்க பேச்சத்தான் நம்புனா மிஸ். பிள்ள வேணாமுன்னு மொகத்தத் திருப்புனாலும் விடமாட்டா. குடிச்சாத்தான் கொறையுமுன்னு மிஸ் சொல்லிருக்காங்கன்னு புடிச்சு வச்சுக் குடுப்பா." அவன் தரையைப் பார்த்தான். "சாகுறப்பவும் நெஞ்சு கட்டிப்போய்க் கெடந்தா. இன்னும் கொறையலையே, இனி யாருக்குக் குடுப்பேன்னுதான் கடைசியா கேட்டா."

றமீஸா எழுந்து படியிறங்கினாள். பஸ்ஸில் வரும்போது அந்த மூன்று தாள்களும் கண்ணுக்குள் நின்றன. ஒன்றைவிட ஒன்று தாழ்ந்துகொண்டு போகும் மலைகள். அங்கே குறைவது இங்கே ஏறுகிறது. அவளுடைய பிள்ளையின் கொழுப்பில், ஈரலில், இன்னும் மூடாத உச்சிக்குழியின் அடியில். எடுக்கவே முடியாத இடத்தில்.

அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பிள்ளையைக் கீழே விடவில்லை. கணவன் பாயிஸிடம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாள். நஞ்சைப் பற்றிச் சொல்லலாம், மற்றதை எப்படிச் சொல்வது? மறுநாள் முழுவதும் மஹ்மூத் அவளிடமே குடித்தான். அந்த இழுப்பில் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

மாலை பாயிஸ் கடையில் இருந்தான். ரபீகா தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஹந்தானை மலைப் பக்கமிருந்து இறங்கிய பனிமூட்டம் ஒழுங்கையை நிரப்பி ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. றமீஸா முன்கதவையும் பின்கதவையும் தாழிட்டாள்; ஜன்னலை அடைத்தாள்; விளக்கைப் போட்டாள். காவலுக்கு ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதிப் பிள்ளையின் தலையில் ஊதினாள். பிறகு கட்டிலில் ஏறி, முதுகைச் சுவரோடு சாய்த்து, பிள்ளையை இடது நெஞ்சில் போட்டுக்கொண்டாள். அவன் குடித்தான். பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. பீலியில் நீர் சொட்டியது. பிள்ளையின் தொண்டையில் மிடறு மிடறாகப் பால் இறங்கும் சத்தம் அறைக்குள் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் லேசாகச் செருகியது.

முதலில் வந்தது நெடிதான். எரிந்ததும் இனித்ததுமாக.

கண்ணைத் திறந்தாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கதவு தாழிட்டபடி. அலுமாரி மூடியபடி. அறையில் யாரும் இல்லை.

மிடறுச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் அவளுடைய நெஞ்சில் இழுப்பு இல்லை.

குனிந்து பார்த்தாள். பிள்ளையின் முகம் அவள் பக்கம் இல்லை. வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, கட்டிலின் வெறுமையான ஓரத்துக்கு. உதடு வட்டமாகக் குவிந்திருந்தது. கன்னம் குழிந்தது, உப்பியது. குழிந்தது, உப்பியது. தொண்டை இறங்கியது. கடைவாயில் வெள்ளையாகப் பால் வழிந்து அவள் முழங்கையை நனைத்தது.

கட்டிலின் அந்த ஓரம் மெல்லத் தாழ்ந்தது. யாரோ வசதியாக உட்கார்ந்துகொண்டதுபோல.

இழுத்தாள். பிள்ளை வரவில்லை. அவனுடைய பின்னந்தலையில் மெல்லிய முடி நசுங்கிப் படிந்திருந்தது, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. இன்னும் பலமாக இழுத்தாள். அந்தப் பக்கமும் பலமாக இழுத்தது.

"வீரம்மா." சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. "வேணாம். என் புள்ள. நான் சொன்னது பிழை. வேணாம்."

கன்னம் குழிந்தது. உப்பியது.

குடிக்கும் பிள்ளையை எப்படி விலக்குவது என்று எல்லாத் தாய்க்கும் தெரியும். இழுக்கக்கூடாது. சுண்டுவிரலைக் கடைவாய்க்குள் விட்டுக் காற்றுப் போகச் செய்தால் பிடி தானாக விடும். றமீஸா சுண்டுவிரலை மகனின் உதட்டோரத்தில் வைத்தாள். மெதுவாக உள்ளே நுழைத்தாள்.

மேலே ஈறு. கீழே ஈறு.

நடுவில், குளிர்ந்து, மெத்தென்று, இன்னொருத்தியின் சதை.

அது அவள் விரலை ஒதுக்கிக்கொண்டு இன்னும் சற்று உள்ளே போனது. பிள்ளை விழுங்கினான்.