பெண் இருக்கும் வண்டி

அவள் கையை நீட்டவே இல்லை. அதற்குள் அந்தக் கார் வேகத்தைக் குறைத்துவிட்டது.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. மலைப்பாதை காட்டுக்குள்ளிருந்து இறங்கி, தார்ரோட்டைக் குறுக்கே கடந்து, எதிர்ச்சரிவில் மறுபடி ஏறும் இடம் அது. ரோட்டோரக் கல் ஒன்றின் மேல் பையை இறக்கி வைத்துவிட்டு, முதலை மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்த இடது கால் பூட்ஸைக் கயிறு போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கால் வேறு வீங்கிக் கிடந்தது. வாரக்கணக்கில் நடந்து வந்தவளுக்கு இன்று ஒரு மைல்கூட முடியாது என்று தெரிந்துபோனது. பனிமூட்டம் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே ரோட்டுக்கு வந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தும், வெளிச்சம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

நடக்கக் கிளம்பும்போதே தங்கச்சியோடு பெரிய சண்டை. "ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா நின்னது பத்தலையா? லீவு போட்டுட்டு மலை மலையா ஏறப் போறியாக்கும்!" என்று ஆரம்பித்தவள், கடைசியில் தணிந்து, சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினாள். "வழியில வண்டி ஏற வேண்டி வந்தா, பொம்பளை இருக்கிற வண்டியா பார்த்து ஏறு. பையை டிக்கியில போடாத, மடியிலயே வெச்சுக்க. கதவு உள்ளேயிருந்து திறக்குதான்னு பார்த்துட்டு அப்புறமா சாத்து. கேட்டுச்சா?"

கேட்டது. இதுவரை அப்படித்தான் செய்தாள்.

கார் நிற்கும் சத்தம் கேட்டதும் பையை எடுக்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் கார்க்கதவு ஒன்று திறந்து மூடியது. டிரைவர் இறங்குகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால் யாரும் இறங்கியிருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் பழைய கார். மழைத்துளி அப்பிய பின்ஜன்னலில் ஒரு பெண்ணின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. ஈரக்கூந்தல் கன்னத்தை மறைத்திருந்தது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. குடும்பமாகப் போகிறவர்கள்.

டிரைவர் உள்ளேயிருந்தே எட்டி முன்கதவைத் தள்ளித் திறந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கைவிரல் இடுக்குகளில் கிரீஸ் கறை. பனிக்கு மப்ளரைக் காதோடு சுற்றியிருந்தார்.

"எங்க போகணும்?"

"கீழ டவுன் வரைக்கும். பூட்ஸ் பிஞ்சு போச்சு."

"நானும் அங்கதான் போறேன். முன்னாடியே உக்காருங்க, பின்னாடி பாதி சீட்டை பம்ப்செட் மோட்டார் அடைச்சுக்கிட்டு இருக்கு. ஆஸ்பத்திரி பம்புக்கும் பண்ணை பம்புக்கும் நான்தான் டாக்டர்."

கைப்பிடியை ஒரு முறைக்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். பை மடியில். பின்னால் லேசாகத் திரும்பி, "ரொம்ப நன்றிங்க" என்றாள். அந்தப் பெண் அசையவில்லை. தூங்குகிறாள் போல. வளைவு ரோட்டில் சிலருக்குத் தலை சுற்றும். கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார்கள்.

தங்கச்சிக்குச் செய்தி தட்டினாள். 'கார் கிடைச்சிடுச்சு. புருஷன் பொண்டாட்டி. கவலைப்படாத.' சிக்னல் கிடைக்காமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த மனிதர் பேச்சுக்காரர். அவள் நர்ஸ் என்று தெரிந்ததும் 'சிஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"நடந்தேவா வர்றீங்க? வண்டின்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சு எத்தனை காலம் ஆச்சு சிஸ்டர். அந்தச் சேதி இன்னும் உங்களுக்கு வந்து சேரலையா?"

அவள் சிரித்தாள். நாள் கணக்கில் யாரோடும் பேசாத வாய்க்கு அந்தச் சிரிப்பு இதமாக இருந்தது. ஹீட்டரின் சூடு முழங்காலில் படப்பட, வலி கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. வைப்பர் இடமும் வலமும் முனகிக்கொண்டு போய்வந்தது. பனி முன்விளக்கு வெளிச்சத்தில் பஞ்சு பஞ்சாக வந்து மோதி, பிரிந்து, காரின் இரண்டு பக்கமும் வழிந்து பின்னால் போனது.

"பின்னாடி குளிருதான்னு கேளுங்களேன் சிஸ்டர்" என்றார் அவர்.

அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. கட்டின மனைவியிடம் கேட்க நடுவில் ஒரு தூது. சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அவள் அப்பா அம்மாவும் அப்படித்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் குழந்தைகள் வழியாகத்தான் பேச்சுவார்த்தை நடக்கும்.

"குளிருதாங்க?" என்றாள் பின்னால் பார்த்து.

தலை கண்ணாடியிலிருந்து நிமிரவில்லை. அவரிடம் திரும்பினாள்.

"தூங்குறாங்க போலிருக்கு."

"பாவம். அசதியா இருக்கும்" என்றார் அவர்.

அப்போதுதான் அந்த வாடை எட்டியது. முதலில் தன்னுடைய ஈரச் சட்டை என்றே நினைத்தாள். பிறகு தெரிந்தது, இது வேறு. வார்டில் நோயாளியின் தலைமாட்டில் யாரோ வைத்துவிட்டுப் போன பூக்குவளையில், பல நாளாக யாரும் மாற்றாமல் கொழகொழத்துப்போன தண்ணீரை முகத்துக்கு அருகில் வைத்தால் வருமே, அந்த வாடை. ஹீட்டர் சூடாக ஆக அது தடித்துக்கொண்டே வந்தது. இருக்கைக்குப் பின்னால், மிதியடியில், சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம். இவ்வளவு நேரம் காருக்குள் இருக்கிறவர்களின் துணி எப்படி இன்னும் சொட்டும்?

இருக்கையின் முதுகில் ஏதோ அழுந்தியது. முழங்கால். தூக்கத்தில் கால் நீட்டுகிறாள் என்று சற்று முன்னால் நகர்ந்து கொடுத்தாள். அது அந்த இடைவெளியையும் நிரப்பிக்கொண்டு மறுபடி அழுந்தியது. மெதுவாக. குளிர்ச்சியாக. தடித்த இருக்கையைத் தாண்டி அந்தக் குளிர் முதுகெலும்பில் ஏறியது.

டிரைவர் பேசிக்கொண்டேயிருந்தார். அக்கா வீட்டுக்குப் போகிறாராம். மருமகள் பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம்; இன்னும் முகத்தைப் பார்க்கவில்லையாம். "தாய்மாமன் மாதிரியே மூக்குன்னு சொல்றாங்க. பாவம் அந்தப் பிள்ளை" என்று தன் மூக்கைத் தொட்டுக்காட்டிச் சிரித்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. தீவிர சிகிச்சை வார்டில் வேலை பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த அறைக்குள் போனாலும் அவளை அறியாமல் காது அங்கே உள்ளவர்களின் மூச்சைத் தேடும். இந்தக் காரில் அவள் மூச்சு கேட்டது. சளி பிடித்த டிரைவரின் மூச்சு கேட்டது.

அவ்வளவுதான் கேட்டது.

கதவுக்கு வெளியே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதில் பின்ஜன்னல் தெரிந்தது. முன்பக்கக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து டிரைவர் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். பின்ஜன்னலோ பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. அதில் நசுங்கியிருந்தது வெளுத்த கன்னம். பாதி திறந்த வாய் கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது. அந்த வாய்க்கு நேரே ஒரு புள்ளி ஆவிகூட இல்லை.

பயத்துக்கு முன்னால் தொழில்தான் முந்தியது.

"அண்ணா, வண்டியை நிறுத்துங்க. உங்க வீட்டம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சு. மூச்சு விடுற மாதிரி தெரியல."

"யாருக்கு?"

"உங்க வீட்டம்மாவுக்கு. பின்னாடி."

அவர் சிரித்தார். "எனக்கு ஏது சிஸ்டர் வீட்டம்மா? பொண்ணு தேடித் தேடி எங்க அக்காவுக்குச் செருப்பு தேஞ்சு..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"அவங்க உங்க கூட வந்தவங்கதானே?"

வைப்பர் ஒரு முறை போனது. வந்தது.

"நான் தனியாத்தான் நடக்கிறேன்" என்றாள் அவள். தன் குரல் தனக்கே எங்கேயோ கேட்டது.

"ரெண்டு பேர் நின்னீங்களே." அவர் இப்போது கிசுகிசுத்தார். "அவங்கதானே நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டினாங்க. நீங்க குனிஞ்சு பூட்ஸைக் கட்டிக்கிட்டு இருந்தீங்க. ஒத்தைப் பொம்பளைன்னா நான் நிறுத்தவே மாட்டேன் சிஸ்டர். அவங்க பயப்படுவாங்க, எதுக்கு வம்புன்னு போயிடுவேன். ரெண்டு பேருன்னுதான்..."

இவர் பின்னால் இருப்பவளுக்காக நிறுத்தினார். இவள் அவளுக்காக ஏறினாள்.

சொட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

முதுகிலிருந்து முழங்கால் விலகியது. இருக்கையின் ஸ்பிரிங் மெல்ல முனகியது. பின்னால் சாய்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து உட்காரும்போது முனகுமே, அப்படி. வாடை அவள் காதுக்கு அருகில் வந்தது. கூந்தலின் ஈர நுனி ஒன்று அவள் கழுத்தைத் தொட்டது.

திரும்பக் கூடாது. ஏன் என்று தெரியாது. கூடாது.

டிரைவர் நடுக்கண்ணாடியைப் பார்க்கப் போனவர், பாதியிலேயே கண்ணை இழுத்துக்கொண்டார். உதட்டில் ரத்தமே இல்லை. அவளைப் பார்த்தார். கண்ணாலேயே கதவைக் காட்டினார். அவளும் தலையசைத்தாள். இரண்டு பேரும். ஒரே நேரத்தில்.

கார் நின்றது.

கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. விழுந்தாள். உள்ளங்கை தாரில் உரசியது. பை உள்ளேயே கிடந்தது. கிடக்கட்டும். புரண்டு எழுந்தாள்.

எதிர்ப்பக்கத்துக் கதவு திறக்கவில்லை.

குனிந்து பார்த்தாள். அவர் கை கைப்பிடியில் இருந்தது. இழுக்கவில்லை. பின்சீட்டிலிருந்து நீண்ட ஒரு கை அவர் தோளில் இருந்தது. அழுத்தவில்லை. பிடிக்கவில்லை. சும்மா வைத்திருந்தது. படுக்கையைவிட்டு எழப்பார்க்கும் நோயாளியை 'அசையாம படுங்க' என்று அவள் தொடுவாளே, அப்படி. ஊறி வெளுத்த விரல்கள்.

"சிஸ்டர்" என்றார் அவர்.

ஒரே ஒரு சொல். கத்தக்கூட இல்லை.

ஓரடி வைத்திருக்கலாம். கையை நீட்டியிருக்கலாம். எத்தனையோ பேரைச் சாவின் வாயிலிருந்து இழுத்த கை அது. நீட்டத்தான் செய்தாள்; அவளுடைய அந்தக் கையே கதவைப் பற்றி, அறைந்து சாத்தியது.

கார் நகர்ந்தது. சிவப்பு விளக்குகள் இரண்டும் பனிக்குள் போய் மங்கி, ஒன்றாகி, அணைந்தன.

அவள் நடந்தாள். வேறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. பிய்ந்த பூட்ஸ் ஒவ்வோர் அடிக்கும் தாரில் சப்பென்று ஒட்டி எழுந்தது. 'காப்பாத்தியிருக்க முடியாது, நீ ஒருத்தி என்ன செய்வே' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள். சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் சட்டைப்பையில் போன் துடித்தது. அவளுக்கு உயிரே போய்த் திரும்பியது. தங்கச்சி.

'நல்லவேளை. பொம்பளை இருக்காங்கல்ல, அப்ப பயமில்ல.'

அழைத்துப் பார்த்தாள். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

மழை மறுபடி பிடித்தது. இருட்டு ரோட்டின் ஓரங்களிலிருந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம். அப்போது கீழேயிருந்து வெளிச்சம் ஏறி வந்தது.

லாரியாக இருக்கட்டும். பஸ்ஸாக இருக்கட்டும். யாராவது.

அவள் கை காட்டவில்லை. பாறையோடு ஒட்டி நின்றாள்.

சாம்பல் நிறக் கார்.

அது அவளருகே வந்து, உரசாமல், பதமாக நின்றது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது. அவர்தான். உயிரோடுதான் இருக்கிறார்! அழுகையும் மன்னிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "அண்ணா..." என்றாள்.

அவர் அவளை முதன்முறையாகப் பார்ப்பவர் மாதிரி, மரியாதையாகச் சிரித்தார். மப்ளரைக் காணோம். தலைமுடி நெற்றியோடு ஒட்டி, காதோரம் பாசி தொங்கியது. சட்டைக் கையிலிருந்து தண்ணீர் ஜன்னல் விளிம்பில் கொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, இந்த நேரத்துல தனியா? ஏறிக்கங்க."

அவள் பின்னால் நகர்ந்தாள். பாறை முதுகில் இடித்தது.

"அட, பயப்படாதீங்கம்மா" என்றார். "என் வீட்டுக்காரியும் கூடத்தானே இருக்கா."

முன்சீட்டில் இருந்தவள் முகத்தைத் திருப்பத் தொடங்கினாள். மெதுவாக. அவளை மட்டும் பார்க்கவே கூடாது என்று நர்ஸ் தன் கண்களை அவர் முகத்தின் மேலேயே நிறுத்திக்கொண்டாள்.

மழை சாய்வாக உள்ளே அடித்தது. துளிகள் அவர் கண்ணின் மேலேயே விழுந்தன. கருவிழியின் மேல் விழுந்து, உருண்டு, வழிந்தன. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். இமைக்கவில்லை. அந்த மாதிரிக் கண்களை வார்டில் அவள் எப்போதும் தன் விரல்களால்தான் மூடிவிடுவாள்.

பின்கதவு திறந்தது.