சிமெண்ட் ஏற ஏற...

செல்போன் அலறியது.

நௌஷீன் எடுத்தாள். அண்ணி சாய்ரா. அழுகைக்கு நடுவே விஷயம் துண்டு துண்டாக வந்தது... சிதம்பரம் கீழவீதி நகைக்கடையில் நேற்று மாலை கொள்ளை. வாட்ச்மேன் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில். கேமராவில் திருடனின் முதுகும், தோளில் புரளும் சுருட்டை முடியும் மட்டுமே.

அதே முடி நௌஷீனின் அண்ணன் நவ்ஷாத்துக்கும் உண்டு!

போலீஸ் அவனை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

எப்படிப் போவது? அவள் சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு வயலில் நின்றாள். எதிரே பாழான போர்வெல். துருப்பிடித்த குழாயின் ஓட்டைகள் வழியே மேலடுக்கின் உப்புநீர் கீழடுக்கின் நல்ல நீரில் இறங்கி, ஊர்க் குடிநீரே கரித்தது. அதை அடைப்பதுதான் அவள் வேலை.

சிமெண்ட் கரைத்தாயிற்று. விட்டால் இறுகிவிடும்.

நிலத்துக்காரர் சபாபதி நகரவில்லை. மாதக்கணக்கில் அடைக்க விடாமல் மல்லுக்கு நின்றவர், இன்று விடிந்ததும் அவரே போன் போட்டுக் கூப்பிட்டிருந்தார். மொட்டைத் தலையில் துண்டு. முகத்தில் அவசரம்.

"சட்டுபுட்டுன்னு மேலேருந்து கொட்டி மூடிட்டுக் கெளம்பும்மா."

"மேலேருந்து கொட்டுனா நடுவுல சந்து வுழும் மாமா. உப்புத்தண்ணி மறுபடி எறங்கிடும். அடிவரைக்கும் பைப்பு வுட்டு, கீழேருந்துதான் ரொப்பணும்."

"கீழேருந்தா?"

"ஆமா. சிமெண்ட் ஏற ஏற, உள்ள கெடக்குறதெல்லாம் மேல வந்துடும்."

சபாபதிக்கு வியர்த்தது.

ராகுகாலம், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். ஓடத் தொடங்கிவிட்ட சிமெண்ட் பம்ப்பை நிறுத்தச் சொல்லி ஆபரேட்டர் கொளஞ்சியிடம் ஓடிக் கையை ஆட்டினார். இரைச்சலில் எதுவும் கேட்காத கொளஞ்சி, மரியாதையாக வணக்கம் வைத்தான்.

தண்ணீர் பொங்கியது. ஒரு தவளை வந்தது. ஒரு கொட்டாங்கச்சி வந்தது. அப்புறம்...

பளக்!

காற்றால் உப்பிய பாலித்தீன் பை.

நௌஷீன் பிரித்தாள். காலி நகைப்பெட்டிகள். மூடிகளில் கீழவீதிக் கடையின் பெயர். அடியில் சுருண்டு கிடந்தது, நீளமான சுருட்டை முடி.

பொய்முடி... விக்!

நிமிர்ந்தாள். சபாபதி இல்லை. துண்டு மட்டும் வரப்பில் கிடந்தது.

பைக்குப் பின்னாலேயே சிமெண்டும் குழாயின் வாய்வரை ஏறி நின்றது.

மறுபடி போன். சிதம்பரம் இன்ஸ்பெக்டர் தேவசகாயம். அண்ணன் விஷயமாக விசாரிக்க வேண்டும், எப்போது வருவாள் என்று கேட்டார். வயலில் போர் அடைக்க வந்ததைச் சொன்னாள்.

"வேலை முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார். எங்கண்ணன வுட்டுருங்க. திருடனோட முடி இங்க வந்துடுச்சு... தலைதான் வயல்ல ஓடிக்கிட்டு இருக்கு."