ஏரிக்கடியில் சத்தமில்லை

நேற்றுப் பார்த்தபோது அந்தப் பெண் ஏரிக்கு அக்கரையில், நாணல் புதரை ஒட்டி நின்றிருந்தாள். இன்று இக்கரையில் நின்றாள்.

சுந்தரி படச்சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அதே ஏரி, அதே நாணல். அந்தப் பெண்ணுக்குக் கறுப்பு உடை. சட்டைக் கைகள் மட்டும் நீண்டு நீண்டு தரையில் புரண்டன. முகம், அவித்து உரித்த முட்டை. இது வேறு சுருளாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஓரத்தில் இருந்த கிழிசல் நேற்று அவள் நகம் பட்டுக் கிழிந்ததுதான்.

"வேடிக்க பாக்கவா மலையேறி வந்தோம்?" வாசலிலிருந்து பொன்னுவேல் கத்தினான். "சோலியப் பாரு. நாளைக்கு வெள்ளனே பஸ்ஸுக்குப் போகணும்."

பொன்னுவேலுக்குப் பழனி அடிவாரத்தில் வளையல் கடை. மதுரையில் ஒரு வியாபாரி பழைய சினிமாச் சுருள்களிலிருந்து படத்தைக் கழுவி எடுத்துவிட்டு, மிஞ்சுகிற கண்ணாடி போன்ற பட்டையில் வளையலும் மணிபர்சும் செய்துகொண்டிருந்தார். கழுவிக் கொடுக்கும் வேலையைப் பொன்னுவேல் ஏற்றுக்கொண்டிருந்தான். ஆபத்தான சரக்கு. தீப்பொறி பட்டால் வெடிமருந்துபோல் எரியும். வெயில் ஏறினால் தானாகவே பற்றிக்கொள்ளும். போன பங்குனியில் ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்குள் ஒரு கொட்டகை அப்படித்தான் எரிந்தது. அதனால் மார்கழிக் குளிரில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்கு வந்திருந்தான். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊருக்கு ஒதுங்கிய ஒரு பங்களாவில், துரைசானி ஒருத்தி விட்டுப்போன சாமான்களில் ஏலத்தில் யாரும் சீண்டாமல் கிடந்தவை இந்தத் தகர டப்பாக்கள். அவற்றை அள்ளிக்கொண்டு, அங்கேயே பின்கட்டில் தங்கிக் கழுவிக்கொள்ள அனுமதியும் வாங்கியிருந்தான்.

சோடா உப்பு கரைத்த வெந்நீர்த் தொட்டியில் சுருளை ஊறப்போட்டு விரலால் வழித்தால் படம் பாலாடைபோலக் கழன்று வரும். மரங்கள், மாளிகைகள், தொப்பி வைத்த குள்ளர்கள், சிரிக்கிற பிள்ளைகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய் அடியில் சாம்பல் நிறச் சேறாகப் படியும். அழுகிய மீனும் காடியும் கலந்தது போன்ற நாற்றம் சுவரில் ஏறி, போர்வையில் ஏறி, சோற்றிலும் ஏறியிருந்தது.

வழிக்கிறவள் அன்னக்கொடி. எட்டு வயது. சுந்தரிக்கு ஆறாம் மாதம், குனிய முடியவில்லை. அன்னக்கொடியைச் சுந்தரியின் அக்கா பெற்றுப் போட்டுவிட்டுச் செத்துப்போனாள். அந்தப் பிள்ளைக்காகத்தான் சுந்தரியை அத்தான் பொன்னுவேலுக்கே கட்டி வைத்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. அன்னக்கொடி என்ற பெயரை வைத்தவள் அக்கா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரைச் சுந்தரி வாயால் சொன்னதில்லை. "ஏ புள்ள" என்பாள். கோபம் வந்தால் "சனியனே." பொன்னுவேலுக்கு அவள் 'பாப்பா', அதுவும் ஏதாவது எடுத்துவரச் சொல்லும்போது மட்டும்.

பிள்ளையின் விரல்கள் சோடாத் தண்ணீரில் வெந்து தோலுரிந்திருந்தன. அவள் அழுவதில்லை. அந்த அழாத முகத்தைப் பார்த்தால் சுந்தரிக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"சித்தி, அந்த வெள்ளக்காரப் பாப்பாவக் காணோம்" என்றாள் பிள்ளை, ஈரச் சுருளைக் கண்ணருகே வைத்துக்கொண்டு.

"எந்தப் பாப்பா?"

"இந்தம்மாகிட்ட இருந்து ஓடுச்சே, அது. இப்ப இவங்க மட்டும் நிக்கிறாங்க."

"வாய மூடிட்டு வழி."

மத்தியானம் விறகு போட வந்தார் மலைச்சாமி. கூக்கால் கிராமத்துக்காரர், பங்களாவுக்கு நெடுநாள் காவலாள். தொட்டியைப் பார்த்ததும் விறகுக்கட்டை இறக்காமலே நின்றார்.

"ஏரிக் கதையவா கழுவுறீங்க தாயி?"

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாம என்ன. ஞாயித்துக்கெழமையானா துரைசானியம்மா பிள்ளைகளக் கூட்டி வச்சுக் காட்டும். மிஷினச் சுத்துறது நாந்தேன். ஊமப்படம் பாருங்க, பேச்சு கெடையாது. அம்மா பக்கத்துல ஒக்காந்து புஸ்தகத்தப் பாத்துக் கதை சொல்லும். அவுங்க நாட்டுப் பிள்ளைக படிக்கிற புஸ்தகம், வரிசையா கெடக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம் எடுத்திருந்தாக."

"அந்தக் கறுப்புச் சட்டக்காரி யாரு?"

மலைச்சாமி விறகை இறக்கினார். "ராணி. ஏரிக்கு அடியில ஒரு நாடு. ராணிக்குப் பிள்ளை இல்ல. பகல் பூராம் வீட்டுல ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளை எதுவோ, அதக் கூட்டிட்டுப் போயிருவா. கீழ சத்தமே கெடையாது. பிள்ளை ஓடும், அவ தொரத்துவா. கடசியில ஆத்தாக்காரி கரையில வந்து நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுவா. அது மட்டும் கீழ கேக்கும். பிள்ளை கரையேறி வந்துரும்." கழுவிக் காயப்போட்ட பட்டைகளை அவர் பார்த்தார். "கரையேறுற துண்டு எங்க தாயி?"

"கடசித் துண்டா? அது மேலாக்க சுத்தியிருந்துச்சு. நேத்தே கழுவியாச்சு."

மலைச்சாமி விறகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது வாசலில் ஒருமுறை திரும்பி, தொட்டியையல்ல, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பிள்ளை எழுவதற்கு முன்னாலேயே பொன்னுவேல் காய்ந்த பட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு பழனி பஸ்ஸுக்குப் போய்விட்டான். சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன், அதற்குள் ஏரிச் சுருள் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

அன்று மூடுபனி விலகவே இல்லை. மரங்களைத் தின்று, வேலியைத் தின்று, முற்றத்துக் கல் வரைக்கும் வந்து நின்றது. அடுப்பில் விறகு வெடிப்பதும், ஓட்டிலிருந்து நீர் சொட்டுவதும், எங்கோ ஒரு பறவை ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் கேட்டுக்கொண்டிருந்தது. சுந்தரி அந்தச் சத்தங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டிப் பக்கமிருந்து ஏன் ஒன்றும் வரவில்லை என்று அவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். பிள்ளை சுருளை அலசிக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீர் அலையடித்தது, தொட்டி விளிம்பில் மோதியது, தரையில் சிதறியது. சத்தமில்லை.

பிள்ளையின் முழங்கை பட்டு இரும்பு வாளி படியிலிருந்து உருண்டது. கல்லில் விழுந்தது. ஒரு துள்ளு துள்ளிக் கவிழ்ந்தது.

சத்தமில்லை.

"ஏ புள்ள!" சுந்தரியின் குரல் அவளுக்குக் கேட்டது. பிள்ளை நிமிர்ந்து, உதட்டை அசைத்தாள். அசைவு மட்டும். பிறகு கையிலிருந்த சுருளைக் காட்டினாள். சுந்தரி போகக் கூடாது என்று நினைத்தாள், கால் போயிற்று. கட்டங்களில் ஏரி இல்லை, நாணல் இல்லை. முகம் மட்டும். கட்டம் முழுக்க அந்த வெள்ளை முகம், வாய் திறந்தபடி. அடுத்த கட்டத்தில் உதடு குவிந்திருந்தது. அதற்கடுத்ததில் விரிந்திருந்தது. யாரையோ கூப்பிடும் வாய்.

பிள்ளை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். என்னைத்தான்.

சுந்தரி அறைந்தாள்.

ஓங்கி, முழு பலத்தோடு. உள்ளங்கை எரிந்தது. பிள்ளையின் தலை ஒரு பக்கமாகத் திரும்பி, கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து எழுந்தன. அந்த அறைக்கும் சத்தமில்லை. முதன்முறையாகப் பிள்ளை அழுதாள். வாய் கிழிய, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணீர் வழிய. ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை.

அதைப் பார்க்க முடியவில்லை. அந்த அழுகையை எங்காவது மூடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்து, சுருளும் கையுமாக டப்பாக்கள் அடுக்கிய அறைக்குள் தள்ளினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அடுப்படிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கதவு உள்ளிருந்து அதிர்ந்தது. சட்டம் நடுங்கியது, மேலிருந்து காரை உதிர்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

நின்றது நல்லது என்று நினைத்தாள்.

எவ்வளவு நேரமோ. அடுப்பு அணைந்திருந்தது. ஓட்டுநீர் சொட்டுவது மறுபடி தெளிவாகக் கேட்டது. பறவை கேட்டது. அறைக்குள்ளிருந்து ஒரு டப்பா மூடி விழுந்து, கிணுகிணுவென்று சுழன்று அடங்குவதும் கேட்டது. சத்தம் திரும்பிவிட்டது. சுந்தரி ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

கம்பி போட்ட ஜன்னல். அடுக்கிய டப்பாக்கள். தரையெல்லாம் அவிழ்ந்து கிடந்த ஏரிச் சுருள், ஈரமாக. பிள்ளை இல்லை.

சுருளை எடுப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எடுத்தாள். ஜன்னலில் பிடித்தாள்.

நாணலுக்கு நடுவே, பின்னல் அவிழ்ந்து, கிழிந்த பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, ஒரு சின்னப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஐந்து விரல்.

அவள் போட்ட கூச்சலில் மலைச்சாமி ஓடிவந்தார். சுருளை வாங்கிப் பார்த்தார். உடனே அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க தாயி."

"நீங்க கூப்பிடுங்கண்ணே."

அவர் கூப்பிட்டார். படத்தில் ஒன்றும் மாறவில்லை. "நான் யாரு அதுக்கு. வீட்டு ஆளு கூப்பிடணும். வெரசா கூப்பிடுங்க!"

வாயில் அந்தப் பெயர் கல்லாகக் கிடந்தது. அக்காவின் குரலில்தான் அது அவளுக்குத் தெரியும். எச்சிலை விழுங்கி, வாயைத் திறந்தாள்.

"அன்னக்கொடி!"

சுருளில் அசைவு எதையும் அவள் பார்க்கவில்லை. ஆனால் கண்ணைச் சிமிட்டித் திறந்தபோது படம் வேறாக இருந்தது. பிள்ளை முகத்தை இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். அடுத்த கூப்பாட்டுக்கு நாணலைத் தாண்டியிருந்தாள். பின்னால் தரையில் புரண்டு வந்த நீளக் கைகள் ஓரடி பின்தங்கியிருந்தன.

"வருது தாயி! விடாதீங்க!"

"அன்னக்கொடி! ஏ அன்னக்கொடி! இங்கிட்டு வா!"

பிள்ளை ஓடினாள். குரல் வந்த பக்கம், கட்டம் கட்டமாக, சுருளின் முனை வரைக்கும் ஓடினாள். அங்கே சுருள் வெட்டுப்பட்டு முடிந்தது. அதற்கு மேல் இருந்த கரை, பெற்றவள் வந்து நிற்கும் கரை, வளையலாவதற்காகக் காலையிலேயே பழனி பஸ்ஸில் போய்விட்டிருந்தது. கடைசிக் கட்டத்தின் ஓரத்தில் உள்ளங்கைகளை வைத்து, தட்டிக்கொண்டு நின்றாள் அன்னக்கொடி.

சுந்தரி மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த ஒரு மூச்சுக்குள் கறுப்புக் கை கட்டத்துக்குள் வந்திருந்தது.

"அன்னக்கொடி!"

கை விலகியது. பிள்ளை மறுபடி ஓடினாள், வந்த வழியே, சுற்றிக்கொண்டு.

மலைச்சாமி தலைப்பாகையை இறுக்கிக் கட்டினார். "கூப்பிடுற வரைக்கும் அவ தொட மாட்டா போல இருக்கு. அப்பன் குரலுக்கு ஏதாச்சும் வழி பொறக்கும். நான் பஸ்ஸுக்கே போயிக் கையோட கூட்டியாறேன். அது வரைக்கும் நிறுத்திராதீங்க தாயி. ஒரு நிமிசம்கூட நிறுத்திராதீங்க."

அவர் பனிக்குள் போனார். இரண்டடியில் காணாமல் போனார்.

சுந்தரி கூப்பிட்டாள். பகல் தேய்ந்தது. எத்தனையோ வருஷம் சொல்லாமல் வைத்திருந்த பெயரை உரக்கச் சொன்னாள், கெஞ்சிச் சொன்னாள், பாட்டுப்போல இழுத்துச் சொன்னாள். நாக்கு வறண்டது. தொட்டித் தண்ணீரைத் தவிர அருகில் வேறு தண்ணீர் இல்லை. எடுக்கப் போனால் நிறுத்த வேண்டும். தொண்டையில் ரத்தம் சுவைத்தது. வயிறு இறுகி வலித்தது. பஸ்ஸின் ஹாரனுக்காகக் காதை வைத்திருந்தாள். மலைப்பாதையில் பனி அடைத்துக் கிடந்தது. ஹாரன் வரவில்லை.

அன்னக்கொடி. அன்னக்கொடி.

ஜன்னலில் வெளிச்சம் சாம்பலானது. விளக்கைச் சுருளருகே கொண்டுபோக முடியாது, பற்றிக்கொள்ளும். முகத்தைக் கம்பியோடு அழுத்திக்கொண்டு பார்த்தாள்.

அன்னக்.

குரல் உடைந்தது. இருமினாள். மறுபடி வாய் திறந்தாள். காற்று வந்தது. காற்று மட்டும் வந்தது.

கடைசி வெளிச்சத்தில் சுருளைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிள்ளை ஓடவில்லை. நாணலுக்கு நடுவே நின்று, தோலுரிந்த கையைக் காதில் குவித்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் என்று நம்புகிற சிரிப்பு. அவள் இரண்டு தோளுக்கு மேலாகவும் நீளக் கைகள் முன்னால் வந்து, இன்னும் மூடாமல், விரிந்து நின்றன.

சுந்தரியின் வாய் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது.