கேட்காமல் கொடுத்த காயில்

"இதே மாதிரி ஒண்ணு குடுங்க."

மழையில் நனைந்த கை ஒன்று பஞ்சில் சுற்றிய கார் கண்டென்சரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் வைத்தது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு தகர டப்பி, வாலாக ஒரு வயர். கவுண்டருக்குப் பின்னால் நின்ற அவள் டப்பியைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். மெக்கானிக் கை இல்லை... நகக்கண்ணில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது.

"எந்த வண்டி? எந்த வருஷம்? எஞ்சின் அதோட எஞ்சின்தானா, மாத்தினதா? பாயின்ட் செட் கூடவே போச்சா, இது மட்டுமா?"

"ஏங்க, என் பேஷன்ட்கிட்டகூட நான் இவ்வளவு கேக்கறதில்லை. பல் டாக்டர் நான்."

"அதான் பாதிப் பேருக்கு நல்ல பல்லைப் புடுங்கிடறீங்க."

உள்ளே பேரிங் எண்ணிக்கொண்டிருந்த அப்பா இருமினார். சிரிப்பை மறைக்க அவர் எப்போதும் இருமுவார். டாக்டரின் முகம் சுருங்கியது. அப்புறம் மெல்ல விரிந்தது... அந்தக் கண்கள் இருக்கிறதே, மழையில் நனைந்த இமையோடு சிரிக்கிற கண்கள், அவற்றுக்கு எந்தக் கடையிலும் மாற்று கிடைக்காது. அவள் அவசரமாக ஷெல்ஃப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லவேளை, கண்டென்சர் மேல் தட்டில் இருந்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் தெருவில் அவளுக்குக் 'கேள்விக்காரி' என்றுதான் பெயர். கேட்காமல் ஒரு நட்டைக்கூடக் கொடுக்க மாட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் கையால் போன தப்பான பார்ட் ஒன்று கிடையாது. அப்பா இதைச் சொல்லிச் சொல்லியே பாதி வியாபாரத்தை நடத்தினார்.

டாக்டரின் வண்டி அவருடைய மாமா விட்டுப்போன கறுப்புக் கார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதன் பேரைச் சொல்லிக்கொண்டு வாரம் இரண்டு முறை வந்தார். பொறிக்கு நேரம் வைக்கும் பாயின்ட் செட் வாங்க வந்தார், பிளக் வாங்க வந்தார், பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விட்டுப் பார்த்த கதையைச் சொல்ல வந்தார். ஒருநாள் ஒன்றுமே வாங்காமல், மழை விடட்டும் என்று முக்கால் மணி நேரம் நின்றார். அன்று மழையே பெய்யவில்லை என்பதை இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பச்சைத் துப்பட்டா வந்து சேர்ந்தது.

"இவ என் மாமா பொண்ணு. வெளிநாட்டுல இருந்து வந்திருக்கா. நாளைக்கு இவளைக் கூட்டிட்டு மாமாவோட பழைய வீடு வரைக்கும் போகணும், நூறு கிலோமீட்டர் வரும். காயில்ல எண்ணெய் கசியுது, புதுசு ஒண்ணு குடுத்துடுங்க."

"அத்தான், இந்தக் கடையைத்தான் சொல்லிட்டே இருந்தீங்களா?" என்று மாமா பொண்ணு அவர் தோளில் தட்டிச் சிரித்தாள்.

அத்தான்... அந்த ஒரு வார்த்தை போதாதா? கேள்விக்காரிக்கு வயிறு எரிந்தது. மாமா பொண்ணாம். அழகாக வேறு இருந்து தொலைக்கிறாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. அந்தக் கறுப்புக் காரின் முன் சீட்டில், ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, நூறு கிலோமீட்டர்... கேள்விக்காரி ஒருநாள்கூட அந்தக் காரில் ஏறியதில்லை. ஏறச் சொல்லி அவர் கேட்டதும் இல்லை.

பிளக்குக்குப் பொறி தரும் காயில் ஷெல்ஃபில் இரண்டு விதமாக இருந்தது. பார்க்க ஒரே மாதிரி, ஒரே கறுப்பு. ஒன்று எல்லா வண்டிக்கும் ஆகும். இன்னொன்று, வண்டியில் கரண்டைக் குறைக்கத் தனியாக ஒரு ரெசிஸ்டர் இருந்தால்தான் ஆகும். இல்லாத வண்டியில் மாட்டினால் இரட்டிப்பு கரண்டை இழுத்து, சூடேறி, பாயின்ட்டைக் கருக்கிவிடும். அந்த வருஷ வண்டிகளில் ரெசிஸ்டர் இருப்பதும் உண்டு, இல்லாததும் உண்டு. "ரெசிஸ்டர் இருக்கா?" என்று கேட்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பினால்கூடக் கேட்பாள்.

அன்று கேட்கவில்லை. கை ரெசிஸ்டர் காயிலை எடுத்தது. மறந்தா போனாள்? இல்லவே இல்லை. கேள்வி நாக்கு நுனியில் நின்றது. 'நிக்கட்டுமே... நடுரோட்டுல நிக்கட்டும்' என்று மனசு சொன்னது, வாயை மூடிக்கொண்டாள்.

அவர்கள் போன அரைமணி நேரத்தில் வயிற்றெரிச்சல் அடங்கி, செய்த தப்பு உறைத்தது. அவர் நம்பர் இருந்தது. மூன்று முறை போனை எடுத்தாள். என்னவென்று சொல்வது? வேண்டுமென்றே கேட்கவில்லை என்றா? மூன்று முறையும் வைத்துவிட்டாள். ராங்கிக்காரி, என்ன செய்வது.

நாலாம் நாள் மதியம் மழையோடு மழையாக அந்தக் கார் இருமி இருமி வந்து கடை வாசலில் நின்றது. முன் சீட்டில் பச்சைத் துப்பட்டா. டாக்டர் இறங்கி வந்து, கருகிப்போன பாயின்ட் செட்டைக் கவுண்டரில் வைத்தார்.

"நடுரோட்டுல ஒரு மணி நேரம் நின்னுட்டோம். அவ இறங்கித் தள்ளி, முழுக்க நனைஞ்சு, நேத்தெல்லாம் காய்ச்சல். பழைய காயிலையும் பழைய பாயின்ட்டையும் மாட்டி ஓட்டிட்டு வர்றேன். வயரிங்ல நான்தான் ஏதோ சொதப்பிட்டேன் போல."

"வயரிங்தான் டாக்டர்," என்றார் அப்பா, உள்ளே பேரிங் எண்ணிக்கொண்டே. "எங்க பொண்ணு கையால தப்பான பார்ட் போனதே கிடையாது."

"அதையேதான் நானும் அவகிட்டச் சொன்னேன்."

அவள் சும்மா இருந்தால் போதும். வயரிங்தான் என்று தலையாட்டினால் ஒன்பது வருடப் பெயர் தப்பிக்கும், இந்த மனிதரின் நம்பிக்கையும் மிஞ்சும். தலையைத்தான் ஆட்ட முடியவில்லை.

"வயரிங் இல்லை. நான் குடுத்த காயில்தான் தப்பு."

அப்பாவின் எண்ணிக்கை நின்றுபோனது.

"ரெசிஸ்டர் இருக்கான்னு கேட்டிருக்கணும். மறந்துட்டேன்னு நினைக்காதீங்க... தெரிஞ்சேதான் கேக்கலை."

டாக்டர் அவளையே பார்த்தார். சிரிக்கிற கண்கள் சிரிக்கவில்லை. "என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? தள்ளினவ அங்க உக்காந்திருக்கா" என்றார்.

நியாயம்தானே. குடைகூட எடுக்காமல் இறங்கிப் போனாள். கார்க் கண்ணாடி இறங்கியது.

"தப்பு என்னோடது. உங்களுக்குக் காய்ச்சல் வந்ததும் என்னாலதான். மன்னிச்சிடுங்க."

"அது சரி... ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்றாள் மாமா பொண்ணு, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

பின்னால் டாக்டர் வந்து நிற்பது தெரிந்தது. மழை முகத்தில் வழிந்தது. அழுதாலும் தெரியாது, அந்த மட்டில் நல்லது.

"பொறாமை. உங்க மேல, நீங்க அத்தான்னு கூப்பிடறது மேல, இந்த சீட்டு மேல... உங்க அத்தானை எனக்குப் பிடிச்சிருக்கு. அவர்கிட்டச் சொல்ல வாய் வரலை. உங்களை ரோட்டுல நிக்க வச்சுட்டேன்."

மாமா பொண்ணு சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் தும்மலில் முடிந்தது.

"எங்க அத்தை, அதான் இவரோட அம்மா, என்னை இவருக்குக் கட்டி வைக்கத்தான் வரச் சொன்னாங்க. நானும் சரி, பார்ப்போமேன்னு வந்தேன். நடுரோட்டுல அந்த ஒரு மணி நேரம் இவர் என்ன பேசினார் தெரியுமா? 'அவங்க தப்பா குடுக்க மாட்டாங்க, அவங்க தப்பா குடுக்க மாட்டாங்க'ன்னு இதே பாட்டு. நான் மழையில நனையறேன், இவருக்கு உங்க பேரு கெட்டுடக் கூடாதாம். வீட்டுக்கு வந்ததும் அத்தைகிட்ட நானே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கதவைத் திறந்து இறங்கி, முன் சீட்டை விட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கேள்விக்காரி மெல்லத் திரும்பினாள். டாக்டர் தொப்பலாக நனைந்திருந்தார்.

"கோபமா?"

"ரொம்ப. ராத்திரியெல்லாம் வயரை ஒண்ணொண்ணா பிரிச்சுப் பார்த்தேன், உங்க மேல தப்பு இருக்கக் கூடாதேன்னு."

"இருந்துடுச்சே..."

"இருக்கு. இருந்தும் பிடிச்சிருக்கே, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"