பொத்தான் விமானம்

"அக்கா, அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

காலையிலிருந்து பட்டாணி இதையே கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தான். பட்டாணி என்பது தம்பியின் செல்லப்பெயர். அக்காவுக்கு வைத்த பெயர் வாயாடி. வேறு யாராவது என்றால் எரிந்து விழுந்திருப்பார்கள். வாயாடியோ உலக வரைபடத்தைத் தரையில் விரித்தாள்.

கடல் கடந்த ஒரு நகரத்தில் அம்மா நர்ஸ் வேலை பார்த்தார். இரண்டு வருடம் கழித்து இன்றுதான் வீடு திரும்புகிறார்.

"அம்மா ஊர் இது. நம்ம ஊர் இது. ஏழு மணி நேரம் பறக்கணும்னு அம்மா சொன்னாங்கல்ல?" இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்து வைத்து, அதை ஏழு பங்காகப் பிரித்து மையால் புள்ளி வைத்தாள். "இந்தச் சட்டைப் பொத்தான்தான் விமானம். மணிக்கு ஒரு புள்ளி தள்ளலாம், சரியா?"

அம்மா விமானத்தில் ஏறிவிட்டு போன் செய்தபோது இங்கே மணி ஒன்பது. மதியம் இரண்டு மணிக்குப் பொத்தான் ஐந்தாவது புள்ளிக்கு வந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு தடவை தள்ளினா நம்ம ஊர்!" பட்டாணி குதித்தான். "நாலு மணிக்கு அம்மா வந்துடுவாங்க!"

"எட்டு மணிக்குன்னுல்ல அப்பா சொன்னாரு?"

"அப்ப நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் அம்மா வானத்துல என்ன பண்ணுவாங்க? நம்ம வீட்டைத் தேடுவாங்களா?"

வாயாடிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. கீழே அப்பாவின் பேக்கரிக்கு ஓடினாள்.

அப்பா முழங்கை வரை மாவோடு நின்றிருந்தார்.

"அப்பா, எட்டு மணின்னு எப்படிச் சொன்னீங்க?"

"டிக்கெட்டுல நாலுன்னு இருக்கு. அம்மா ஊர் நேரத்தைவிட நமக்கு நாலு மணி நேரம் கூட. அம்மா எந்த நேரம் சொன்னாலும் நாம நாலைக் கூட்டிக்குவோமே!"

"அது போன் பேசுறதுக்குப்பா! விமானம் நம்ம ஊர்லதானே இறங்குது? இறங்குற நேரத்தை நம்ம ஊர்க் கடிகாரப்படிதான் போட்டிருப்பாங்க. ஒன்பதுக்குக் கிளம்பி ஏழு மணி நேரம் பறந்தா நாலுதானே வருது?"

அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! அத்தனை தூரத்துலேர்ந்து வந்து அவ தனியா நின்னுருப்பாளே!"

கையைக்கூடக் கழுவாமல் கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். விமான நிலையமோ ஊரின் அந்தக் கோடியில், நெரிசலில் போனால் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது. மூவரும் மூச்சிரைக்க வாசலில் போய் நின்றபோது பயணிகள் வெளியே வர ஆரம்பித்திருந்தார்கள்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தார். அவர் கண்கள் கூட்டத்தைத் துழாவின. மூவரையும் பார்த்ததும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வெளிய வந்ததும் உங்க முகம்தான் முதல்ல தெரியணும்னு வழியெல்லாம் நினைச்சுட்டே வந்தேன்." அம்மா மூவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அப்பா வாயாடியின் தலையைத் தடவினார். தலையெல்லாம் மாவு. "இவளுக்குத்தான் நன்றி சொல்லணும். இவ இல்லன்னா நாங்க நேரத்துக்கு வந்தே இருக்க மாட்டோம்."

"எனக்கில்லப்பா, பட்டாணிக்குச் சொல்லுங்க. நச்சரிச்சது அவன்தான்!"

அம்மா பட்டாணியைத் தூக்கிக்கொண்டார். அவன் அம்மாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல் காதில் சொன்னான்: "வந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா."

அம்மா சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார்.